இப்போது அவையில் இருப்போர்: இணைய வருகைப் பட்டியல் பற்றியதொரு திறனாய்வு நோக்கு

திறனாய்வு என்பது கவிதை, நாவல், சிறுகதை ஆகியவற்றுக்கு மட்டுமே உரிய தொழில் என எண்ணுவோர் நம்மிடையே இன்னும் உளர். ஆயின் ஒரு சமுதாயம் தன்னைத்தான் எவ்வாறு எழுதிக்கொள்கின்றது என்பதை அறியப் புகுவோர்க்கு, அதன் காப்பியங்கள் எத்துணை உதவுமோ அத்துணை அதன் கணக்கேடுகளும் இடாப்புகளும் அறிவித்தற் பலகைகளும் உதவும். இவற்றை எழுதியவர் இன்னார் என எவரும் குறித்துவைப்பதில்லை. அழகுபற்றிய கவலையும் அவற்றை எழுதியோர்க்கு இருந்ததில்லை. அதனாலேயே அவை தம்மை மறைத்துக்கொள்ளாது பேசுகின்றன. இணையக் கருத்துக்களங்களின் முகப்பிலே, பெரும்பாலும் அடிப்பகுதியிற் சிறிய எழுத்திற் காணப்படும் ஒரு குறிப்பினை அவ்வகைப் பனுவலாகக் கொண்டு இக்கட்டுரையில் வாசிக்க முற்படுகின்றோம். இத்தனை பேர் இப்போது இணைப்பில் உள்ளனர். அவருட் பதிவுசெய்தோர் இத்தனை பேர், மறைந்திருப்போர் இத்தனை பேர், விருந்தினர் இத்தனை பேர் என்று அது கூறும். அதனை அடுத்துப் பதிவுசெய்தோரின் பெயர்கள் காற்புள்ளியிட்டு நிரலாகத் தரப்பட்டிருக்கும். பனுவல் இவ்வளவே.

இதனை அணுகுவதற்குப் புதிய கோட்பாடுகளைத் தேடி அலையவேண்டியதில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் எண்ணும் முப்பத்து நான்கு உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், காலம் என்பனவும் அடங்கும். பேசுபவனும் பேசப்படும் பொருளும் மட்டுமன்றி, கேட்டுக்கொண்டிருப்போரும் செய்யுளின் உறுப்பே எனக் கொண்டது அவ்விலக்கணத்தின் சிறப்பு. நம் முன்னோர் கணினியையும் அறிந்திருந்தனர் என்று நிறுவும் எண்ணம் நமக்கில்லை; அவ்வகை ஆராய்ச்சிகள் போதிய அளவு நடந்துவிட்டன. யார் கூற்று, யார் கேட்போர், எக்களத்தில், எக்காலத்தில் என்னும் நான்கு வினாக்களை மட்டும் கடனாகப் பெற்றுக்கொள்வோம். வருகைப் பட்டியல் என்பது வெறும் தகவல் அன்று, அது ஒரு கூற்று என்பதே நாம் இங்கு வற்புறுத்த விரும்புவது. ஒருவரின் இருப்பைப்பற்றி இன்னொருவரிடம் யார் பேசுகின்றார் என்பதைப் பொறுத்தே அதன் நன்மையும் தீமையும் அமைகின்றன.

இவ்வடிவத்தின் பிறப்பு இணையக் கருத்துக்களங்களுக்குப் பெரிதும் முற்பட்டது. ஒரு பெருங்கணினியைப் பலர் தத்தம் முனையங்களிலிருந்து ஒரே வேளையிற் பகிர்ந்து பயன்படுத்தும் முறை 1960களில் ஏற்பட்டபொழுதே, இப்போது யார் பயன்படுத்துகின்றார் என்று வினவும் கட்டளையும் தோன்றிவிட்டது. கணினிநேரம் அரிய பண்டமாயிருந்த காலம் அது. இயந்திரம் ஏன் மந்தமாகிவிட்டது என அறியவேனும் இப்பட்டியல் வேண்டப்பட்டது. கலிபோர்ணியாவில் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்தில் இருந்த பட்டியல், பயனரின் சுருக்கக் குறியீட்டையும் முனைய இணைப்பின் இலக்கத்தையும் மட்டுமே காட்டிற்று. தம் நண்பரைத் தேடுவோர் திரையின்மீது விரலை வைத்து வரிவரியாக இறக்கிச் செல்வதை அங்குப் பணிபுரிந்த லெஸ் ஏர்னெஸ்ற் கவனித்தார். குறியீட்டை அறிந்தவர்க்கு மட்டும் பொருள்தரும் பட்டியலை எல்லோர்க்கும் பொருள்தருமாறு மாற்றி, 1971இல் அவர் ஆக்கிய நிரலுக்கு விரல் என்னும் பொருள்படும் 'பிங்கர்' என்ற பெயரே வாய்த்தது. அது முழுப்பெயரைத் தந்தது. இணைப்பில் உள்ளவர் எவ்வளவு நேரமாகத் தட்டச்சுப்பலகையைத் தொடாதிருக்கின்றார் என்பதைத் தந்தது. இல்லாதவராயின் இறுதியாக எப்போது வந்திருந்தார் என்பதையும் தந்தது. இன்று நமது கைப்பேசிகளிற் காணும் 'இறுதியாகக் காணப்பட்டது' என்னும் வரியின் மூதாதை இதுவேயாம்.

பிங்கரில் நம்மைக் கவர்வது பிறிதொன்று. 'திட்டம்' எனப்பட்ட ஒரு சிறு கோப்பினை ஒவ்வொருவரும் தம் பெயரில் வைத்திருக்கலாம். யாரேனும் அவரைப்பற்றி வினவினால் இயந்திரத்தின் விடைக்குக் கீழே அக்கோப்பில் உள்ளதும் காட்டப்படும். தாம் ஏன் இங்கு இல்லை, எப்போது வருவார், எங்கே தேடலாம் என்பதை அவரே தம் சொற்களில் எழுதிவைக்க அது வழிசெய்தது. நாளடைவில் அதிற் கவிதையும் பகிடியும் அரசியலும் ஏறின என்பது எதிர்பார்க்கத்தக்கதே. எழுத ஓர் இடம் கிடைத்தால் மனிதர் எழுதுவர். ஆக, ஆதிப் பட்டியலில் இரு கூற்றுகள் இருந்தன. இன்னார் நாற்பது நிமிடமாக அசையவில்லை என்பது இயந்திரத்தின் கூற்று. தேநீர் அருந்தச் சென்றேன் என்பது மனிதனின் கூற்று. முன்னதைப் பின்னது விளக்கிற்று, சிலவேளை மறுத்தது, சிலவேளை எள்ளிநகையாடிற்று. பார்ப்போரும் பார்க்கப்படுவோரும் ஒரே கூடத்தில் ஒரே பணியில் ஈடுபட்டோர் என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும். இன்று அவரைப்பற்றி நான் வினவினால் நாளை என்னைப்பற்றி அவர் வினவலாம். பட்டியலுக்கு வெளியே நின்று அனைவரையும் பார்ப்பவர் எவருமிலர் எனச் சொல்லமுடியாவிடினும், அத்தகையவரும் நடைகூடத்தில் எதிர்ப்படக்கூடியவராகவே இருந்தார்.

களம் விரிந்தபொழுது இவ்வுறவு மாறியது. 1977 டிசம்பரில் கென் ஹரென்ஸ்ரீன் எழுதிய 742ஆம் இலக்க ஆவணத்தின் வழியாக பிங்கர் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொரு நிறுவனத்தை வினவும் பொதுநெறியாயிற்று. நடைகூடத்தில் ஒருபோதும் எதிர்ப்படாத ஒருவரும் இனிப் பட்டியலைக் கேட்கலாம். 1988 நவம்பர் 2ஆம் திகதி வெளிவிடப்பட்டு இணையத்தை நிலைகுலையச் செய்த 'புழு' நிரல் கணினிகளுட் புகுந்த வழிகளுள் ஒன்று, இவ்வினாவுக்கு விடையளிக்கும் பகுதியேயாகும். 512 எழுத்தெண்களுக்கு ஒதுக்கப்பட்ட இடத்தில் 536 எழுத்தெண்களை அனுப்பி அது உள்ளே நுழைந்தது. யார் இருக்கின்றார் என்று கேட்பதுபோல வந்து வீட்டையே கைப்பற்றிய கதை இது. 1991 டிசம்பரில் வெளிவந்த 1288ஆம் இலக்க ஆவணம் பாதுகாப்பைப்பற்றி விரிவாகப் பேசுவதில் வியப்பில்லை. ஆனால் அதே ஆவணத்தில் நம்மைச் சிரிக்கவைத்த ஒரு பகுதியும் உண்டு. பண்டங்களை விற்கும் தானியங்கி இயந்திரங்களும் இந்நெறியில் இணைக்கப்படலாம் என்றும், யார் உளர் என்று வினவப்படின் அவை தம்மிடம் இப்போது விற்பனைக்குள்ள பண்டங்களின் பட்டியலை விடையாகத் தரவேண்டும் என்றும் அது விதிக்கின்றது. மனிதரின் இருப்பும் சரக்கின் இருப்பும் ஒரே வினாவுக்கு ஒரே வகையான விடைகளாகின்றன. தமிழில் 'இருப்பு' என்னும் சொல் இவ்விரண்டையும் முன்பே தாங்கி நிற்பதை இங்கு நினைத்துக்கொள்கின்றோம்.

இக்கதையில் வேறொரு பாதையும் இருந்தது. இல்லினோய் பல்கலைக்கழகத்தில், கற்பித்தலுக்கென உருவான 'பிளேற்றோ' கணினி அமைப்பிலே, 1973இல் டக் பிரவுண், டேவிட் வூலி ஆகியோர் 'ரோக்கோமாற்றிக்' என்னும் உரையாடல் நிரலை ஆக்கினர். அதில் அலைவரிசைகள் பல. ஒவ்வொன்றிலும் ஐவர் பேசலாம். பேசாது பார்த்திருப்போர் எத்தனை பேரும் இருக்கலாம். ஒருவர் தட்டும் எழுத்து ஒவ்வொன்றும் அப்போதைக்கப்போதே மற்றவர் திரையில் தோன்றும். ஆதலின் இருப்பதும் தயங்குவதும் அழிப்பதும் எல்லாம் கண்கூடு. அலைவரிசை எவருக்கும் உடைமையன்று. ஆனால் பேசுவோருள் எவரேனும் விரும்பின் அதனைக் காப்புக்கு உட்படுத்தலாம். உட்படுத்தியதும் புதியவர் நுழையமுடியாது, பார்த்திருந்தோரும் வெளியேற்றப்படுவர். அவையைத் திறப்பதும் அடைப்பதும் அவையிலே பேசுவோரின் கையில் இருந்தது. பிற்காலத்து அமைப்புகளுள் இவ்வளவு துணிவான ஏற்பாட்டை நாம் அதிகம் கண்டிலோம். இதனை ஆக்கியோர் மாணவப் பருவத்து இளைஞர் என்பதும், அதனால் இலாபம் ஈட்டும் நோக்கம் அவர்க்கு இருந்ததில்லை என்பதும் தற்செயலான பொருத்தங்கள் அல்ல.

1978 பெப்ரவரியில் சிக்காகோவில் தொடங்கப்பட்ட முதலாவது கணினி அறிவித்தற் பலகைக்கு வருகைப் பட்டியலே வேண்டியிருக்கவில்லை என்பதையும் இடையிலே குறிப்பிடலாம். அதற்கு இருந்தது ஒரே தொலைபேசி இணைப்பு. உள்ளே நுழைந்தவர்க்கு யார் இருக்கின்றார் என்ற ஐயத்துக்கு இடமில்லை. அவர் ஒருவரே இருந்தார்.

இனி நமது பனுவலுக்கு வருவோம். அதில் உள்ள சொற்களுள் மிக எளியதும் மிகப் பொய்யானதும் 'இப்போது' என்பதாகும். உலகளாவிய வலை இயங்கும் முறையில், பக்கத்தைக் கேட்பதற்கு ஒரு நெறி உண்டு. விடைபெறுவதற்கு நெறி இல்லை. வாசகர் ஒரு பக்கத்தைக் கேட்கின்றார், வழங்கி அதனை அனுப்புகின்றது, அத்துடன் உறவு முடிகின்றது. அவர் அதனை ஊன்றிப் படிக்கின்றாரா, கணினியை மூடிவிட்டுக் குளிக்கச் சென்றாரா என்பதை வழங்கி அறியாது. ஆகவே அது ஒரு கற்பனையைச் செய்துகொள்கின்றது: சென்ற சில நிமிடங்களுள் ஏதேனும் கேட்டிருந்தால் அவர் இருக்கின்றார் என வைத்துக்கொள்வோம். பரவலாகப் பயன்படும் பி.எச்.பி.பி.பி. என்னும் மென்பொருள் இதற்கு ஐந்து நிமிடங்களை வைத்து, அதனைப் பட்டியலின் தலைப்பிலேயே அடைப்புக்குறிக்குள் ஒப்புக்கொள்ளும் நேர்மையும் உடையது. வீபுலெற்றின் என்னும் மென்பொருள் பதினைந்து நிமிடங்களைக் கொண்டது. எனவே ஒரே நடத்தையுடைய ஒருவர் ஒரு களத்தில் இருப்பவராயும் இன்னொரு களத்தில் இல்லாதவராயும் காட்டப்படுவார். நீண்ட கட்டுரையொன்றைக் கருத்தூன்றி இருபது நிமிடம் வாசிப்பவர் பட்டியலினின்று மறைந்துபோவார். எதையும் வாசிக்காது பக்கம் பக்கமாகத் தாவுபவர் நிலைபெற்று வீற்றிருப்பார். வாசிப்பு எத்துணை ஆழமாகின்றதோ அத்துணை விரைவில் வாசகர் இல்லாதவராகின்றார் என்பது, வாசகருக்கென அமைந்த களத்தில் நகைப்புக்குரிய முரணன்றோ? இது தொழினுட்பத்தின் தவிர்க்கமுடியாத குறை என்பர். குறையைப்பற்றி நமக்கு முறைப்பாடு இல்லை. ஊகத்தை உண்மைபோல, நிகழ்கால வினைமுற்றிற் கூறும் நடையைப்பற்றியே நாம் பேசுகின்றோம்.

பட்டியலின் பகுப்பும் கருதத்தக்கது. பெயருடையோர் பதிவுசெய்தோர். விருந்தினர்க்கு எண் உண்டு, பெயர் இல்லை. மறைந்திருப்போர் என்போர் தம் பெயரைக் காட்டவேண்டாமென வேண்டிக்கொண்டோர். அவர்க்கும் எண் மட்டுமே. ஆனால் மறைவு என்பது சக உறுப்பினரிடமிருந்து மறைவு. நிருவாகிக்கு அப்பெயர்கள் தெரியும். தேடுபொறிகள் அனுப்பும் தானியங்கி நிரல்களைச் சில மென்பொருள்கள் தனி வகையாகக் காட்டும். அவ்வாறு இனங்காணப்படாதவை விருந்தினருடன் சேர்ந்துவிடும். 'விருந்தினர் நூற்றுவர்' எனப் பெருமிதத்துடன் அறிவிக்கப்படுவதில் எத்தனை பேர் மனிதர் என்பதை எவரும் துணிந்து கூறார். இதனருகே, இதுவரை ஒரே வேளையில் மிகக் கூடுதலானோர் இருந்தது இன்ன திகதியில் இத்தனை பேர் என்ற வரியும் காணப்படும். சென்ற ஆண்டுத் தேரோட்டத்துக்கு வந்த கூட்டத்தைச் சொல்லி இவ்வாண்டுக் கூட்டத்தை அளக்கும் மனப்பாங்கு எந்த நாட்டு மென்பொருளுக்கும் பொதுவென்றே தோன்றுகின்றது.

இவ்வளவு குறைகூறியும் இப்பட்டியலை வெறுத்தொதுக்க நாம் உடன்படோம். கேட்போரும் செய்யுளின் உறுப்பே என முன்னர்க் கூறினோம். அச்சு ஊடகத்தில் எழுதுவோன் தன் கேட்போரை ஒருபோதும் காண்பதில்லை. கூத்துக் களரியிலோ கேட்போர் எதிரே அமர்ந்திருப்பர். அவர் எழுந்து போவதும் ஆட்டத்தைப் பாதிக்கும். கருத்துக்களம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அதில் எழுதுவோர் சிலர், வாசித்துச் செல்வோர் பலர் என்பது அங்குப் பழகிய எவரும் அறிந்த செய்தி. பேசாத அப்பலரைச் சிறிதளவேனும் கண்ணுக்குத் தெரியச்செய்வது வருகைப் பட்டியல் ஒன்றே. நள்ளிரவில் முதன்முதலாக ஒரு கருத்தைப் பதிந்துவிட்டுத் தயங்கியிருக்கும் ஒருவர்க்கு, விடை எதுவும் வராதபோதும், ஏழு பேர் உளர் என்னும் எண் தருகின்ற துணை சிறிதன்று. எண்ணே போதும், பெயர்கள் வேண்டியதில்லை என்பதையும் இவ்விடத்துக் கவனிக்கலாம்.

1996 நவம்பரில் இஸ்ரேலைச் சேர்ந்த மிராபிலிஸ் நிறுவனம் வெளியிட்ட ஐ.சீ.கியூ., 1997இல் அமெரிக்கா ஒன்லைன் நிறுவனம் வெளியிட்ட தூதுநிரல் ஆகியவற்றுடன் இக்கூற்று களத்தை விட்டுத் தனிமனிதனின் முகவரிப் புத்தகத்துக்குட் புகுந்தது. இருக்கின்றேன், வெளியே சென்றுள்ளேன், அலுவலாயிருக்கின்றேன், குழப்பவேண்டாம் என்ற நிலைகளைத் தெரிவுசெய்யலாம் என்பதும், வெளியே செல்வோர் ஒரு வாசகத்தை விட்டுச்செல்லலாம் என்பதும் பழைய திட்டக் கோப்பின் எச்சங்கள். இவ்விரு நிரல்களும் இன்று இல்லை. பின்னது 2017 டிசம்பரிலும் முன்னது 2024 ஜூனிலும் நிறுத்தப்பட்டன. அவை விட்டுச்சென்ற பழக்கமே நிலைத்தது.

அப்பழக்கத்துக்கு இலக்கணம் வகுக்க முற்பட்டது 2000 பெப்ரவரியில் வெளிவந்த 2778ஆம் இலக்க ஆவணம். இருப்பைப்பற்றிய தகவலை வழங்குவோர்க்கும் அதனைப் பெறுவோர்க்கும் அது புதிய கலைச்சொற்களை ஆக்குகின்றது. வழங்குவோரை 'இருப்புடைப் பொருள்' என்று நாம் பெயர்க்கலாம். மூலச்சொல்லிலும் மனிதன் என்ற குறிப்பு இல்லை. பெறுவோர்க்கு அது இட்ட பெயர் 'நோக்குநர்' என்பது. நோக்குநர் பல வகையினர்: ஒருமுறை கேட்டுச் செல்வோர், இடையிடையே திரும்பத் திரும்பக் கேட்போர், மாற்றம் நேருந்தோறும் அறிவிக்குமாறு சந்தா கட்டியோர். தாயும் காதலனும் கடன்கொடுத்தவனும் இவ்வகைப்பாட்டில் ஒருவரேயாவர். எனினும் இவ்வாவணத்தை நாம் மதிக்கக் காரணமான ஒரு பகுதியும் அதில் உண்டு. அண்மைக் காலத்தில் ஓர் இருப்புடைப் பொருளைப்பற்றி யார் யார் நோக்கினர் என்னும் 'நோக்குநர் தகவல்' என்ற கருத்தையும் அது வரையறுத்துள்ளது. அதாவது, நோக்குவோனும் நோக்கப்படலாம் என்பதற்கு மாதிரியிலே இடம் வைக்கப்பட்டிருந்தது. நடைமுறைக்கு வந்த பெருநிறுவனச் செயலிகளில் நமக்குத் தெரிந்தவை, யார் தன் வரவைப் பார்க்கின்றார் என்பதைப் பார்க்கப்படுவோனுக்குச் சொல்வதில்லை.

இவ்விடத்தில் ஐ.பி.எம். நிறுவன ஆய்வாளரான தோமஸ் எரிக்சன், வென்டி கெலொக் ஆகியோர் 2000ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை துணைநிற்கின்றது. அவர்தம் கட்டடத்தில் மாடிப்படியிலிருந்து நடைகூடத்துக்குத் திறக்கும் கதவொன்று இருந்தது. விரைந்து திறப்பின் மறுபுறம் வருபவர்மீது மோதும். மெதுவாகத் திறக்கவும் என எழுதி ஒட்டிய அறிவித்தல் நாளடைவிற் பயனற்றுப்போயிற்று. கதவிற் கண்ணாடிச் சாளரம் அமைப்பதே தக்க தீர்வு என்பர் அவர். மறுபுறத்தவரைக் காண்கின்றேன் என்பதனால் மட்டும் அன்று. நான் கண்டேன் என்பதை அவர் அறிவார் என்பதையும் நான் அறிவேன், ஆதலால் என் செயலுக்கு நான் பொறுப்பாகின்றேன். இக்கருத்தின்வழி அவர்கள் அமைத்த 'பாபிள்' என்னும் உரையாடற் களத்தில் பெயர்ப்பட்டியலோடு ஒரு வட்டமும் இருந்தது. ஒவ்வொருவரும் ஒரு வண்ணப்புள்ளி. பேசுவோரும் வாசிப்போரும் நடுவை நோக்கி வருவர். வாளாவிருப்போர் மெல்ல மெல்ல விளிம்புக்கு ஒதுங்குவர். இங்கு ஐந்து நிமிடம் என்ற வெட்டு இல்லை. மங்குதல் உண்டு, மாய்தல் இல்லை. 'இப்போது' என்னும் சொல்லின் பொய்யை உணர்ந்து அதனைத் திருத்த முயன்ற வடிவமாக இதனை நாம் கருதுகின்றோம். ஒரே நிறுவனத்துள், ஒருவரையொருவர் அறிந்த சிறு குழுக்களிடையே அது பயன்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்; கண்ணாடிக் கதவு ஊர்ச் சந்தைக்குப் பொருந்துமா என்பது வேறு வினா.

ஊர்ச் சந்தையின் அளவை எட்டியது வட்ஸ்அப். 2009இல் அதனை ஆக்கிய ஜோன் கூம் முதலிற் கருதியது செய்தி அனுப்புவதை அன்று. முகவரிப் புத்தகத்திலுள்ள பெயர்களின் அருகே அவரவர் நிலையைக் காட்டுவதையே. அழைப்பில் உள்ளேன், மின்கலம் தீர்கின்றது என்றாற்போன்ற வாசகங்கள் அவை. திட்டக் கோப்பு மீண்டும் பிறக்கவிருந்தது எனலாம். ஆனால் நிலைபெற்றது மனிதனின் கூற்று அன்று. இணைப்பில் உள்ளார், இறுதியாக இன்ன நேரத்திற் காணப்பட்டார் என்னும் இயந்திரத்தின் கூற்றே. இறுதி வரவை மறைப்போர் பிறரின் இறுதி வரவையும் காணமுடியாது என்ற விதி அதில் உண்டு. காட்டாதவன் காணவும் கூடாது என்னும் இவ்வொப்பந்தம் பயனர்களுக்கு இடையே நியாயமானதுதான். ஆனால் ஒப்பந்தத்துக்கு வெளியே நிறுவனம் நிற்கின்றது. அது தன்னைக் காட்டாமலே அனைவரையும் காண்கின்றது. 2014 பெப்ரவரியில் பேஸ்புக் நிறுவனம் 1900 கோடி டொலருக்கு இதனை வாங்க உடன்பட்டபொழுது, கைமாறிய சொத்துகளுள் கோடிக்கணக்கானோர் விழிக்கும் வேளையும் உறங்கும் வேளையும் அடங்கியிருந்தன. 'இணைப்பில் உள்ளார்' என்னும் வரியையும் மறைத்துக்கொள்ளும் உரிமை 2022இலேயே பயனர்க்கு அறிவிக்கப்பட்டது. பதின்மூன்று ஆண்டுகள் சென்றன.

இங்கு நமது வாதத்துக்கு எதிரான சான்றொன்றை மறைப்பது முறையன்று. யாழ்ப்பாணத்துக் கிராமங்களில், கனடாவிலுள்ள மகனின் பெயரைத் திறந்து அவ்வொரு வரியை மட்டும் பார்த்துவிட்டுக் கைப்பேசியை மூடிவைக்கும் தாய்மார் உளர். செய்தி அனுப்பமாட்டார்கள், வேலையில் நிற்பான், குழப்பக்கூடாது என்பார்கள். கோடையில் ஒன்பதரை மணித்தியாலமும் மாரியிற் பத்தரை மணித்தியாலமும் கழித்து, "தம்பி விடிய நாலு மணிக்கும் நித்திரை கொள்ளேல்லைப் போல" என்று அயலவரிடம் சொல்லும்பொழுது, அவ்வியந்திரக் கூற்று ஒரு கடிதமாகவே வாசிக்கப்படுகின்றது. மகனோ தான் வாசிக்கப்படுவதை அறியான். அறிந்தால் மறைப்பானோ, அன்றி அதற்காகவே இரவில் ஒருமுறை திறந்து மூடுவானோ, யார் சொல்லவல்லார்? உயிரோடு இருக்கின்றான் என்பதே செய்தியாக இருந்த காலங்களைக் கடந்துவந்த ஒரு சமுதாயத்தில் இவ்வரியின் மதிப்பை நாம் குறைத்துப் பேசமுடியாது. நோக்குநர் அனைவரையும் வேவுகாரராகக் கொள்ளும் திறனாய்வு இத்தாயின் முன் நாணவேண்டியிருக்கும்.

ஆயினும் அவ்வரியே பணிக்களத்திற் புகும்பொழுது நிகழ்வதையும் நோக்கவேண்டும். வீட்டிலிருந்து பணிபுரிவோரின் பெயரருகே ஒரு பச்சைப் புள்ளி எரிகின்றது. மைக்ரோசொப்ற் ரீம்ஸ் போன்ற செயலியில் ஐந்து நிமிடம் கணினி தொடப்படாதிருந்தால் அது தானே மஞ்சளாகின்றது. சிந்தித்துக்கொண்டிருந்தவர், தாளில் எழுதிக்கொண்டிருந்தவர், வாடிக்கையாளரோடு தொலைபேசியில் உரையாடியவர் யாவரும் இயந்திரத்தின் கூற்றில் இல்லாதவர். இதனாற் சுட்டெலியைத் தானே அசைத்துக்கொண்டிருக்கும் சிறு கருவிகள் கடைகளிலே விற்பனையாகின்றன. இருப்பை நடிப்பதற்கு ஒரு கருவியும் அந்நடிப்பைக் கண்டறிவதற்கு வேறொரு மென்பொருளும் என இரண்டு வணிகங்கள் இவ்வொரு புள்ளியைச் சுற்றி வளர்ந்துள்ளன. நமது மலையகத் தோட்டங்களிற் காலையிற் பெரட்டுக்களத்திற் கூடுவதையும், பேர் விழுவதையும், குறித்த அளவு கொழுந்து எடுக்காதவர்க்கு அரைப்பேர் விழுவதையும் அறிந்தோர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. அங்கே 'பேர்' என்பது ஒருவரின் பெயரன்று, ஒரு நாளின் கூலி. இணையப் பட்டியலிலும் பெயர் பெயராக நில்லாது பிறிதொன்றுக்கு அளவையாகும் கணம் எதுவோ, அக்கணத்திலேயே அது அவையின் பட்டியல் என்ற நிலையிலிருந்து பிறழ்ந்து கங்காணியின் இடாப்பாகின்றது என்பது நமது துணிபு. பச்சைப் புள்ளியின் நிறத்தையோ ஐந்து நிமிடம் என்ற அளவையோ மாற்றுவதால் இது தீரப்போவதில்லை. கூற்று யாருடையது என்பதே வினா. மஞ்சளான புள்ளிக்குக் கீழே, தாளில் எழுதிக்கொண்டிருக்கின்றேன் என்று அப்பணியாளர் எழுதியதை மேலாளர் இயந்திரத்தின் சொல்லுக்கு நிகராக மதிப்பாராயின், 1971இல் இருந்த நிலைக்கேனும் நாம் திரும்பியவராவோம்.

கருத்துக்கள மென்பொருள்களை இன்று ஆக்குவோர், தமிழர் உட்பட, இப்பட்டியலைப் பழக்கம் கருதியே சேர்க்கின்றனர், பழக்கம் கருதியே நீக்குகின்றனர். எண்ணை மட்டும் காட்டலாமா, பெயரையும் காட்டலாமா, எத்தனை நிமிடத்தை 'இப்போது' என்பது, மறைந்திருப்போரை நிருவாகி ஏன் காணவேண்டும் என்பனவெல்லாம் மென்பொருளை நிறுவும் வேளையில் ஒரு நொடியிற் கடந்துபோகும் தெரிவுகளாக உள்ளன. உறுப்பினரிடம் இவை கேட்கப்பட்ட களம் ஒன்றையேனும் நாம் கண்டிலோம். இக்கட்டுரைக்காகப் பல இரவுகள் அத்தகைய பக்கங்களைப் பார்த்திருந்தபொழுது, பதிவுசெய்தோர் எவருமிலர், விருந்தினர் மூவர் என ஒரு பழைய களம் காட்டிற்று. அம்மூவருள் ஒருவர் நாம். மற்றை இருவர் மனிதரா, தேடுபொறியின் நிரல்களா என்று பட்டியல் சொல்லவில்லை; நாமும் எதுவும் எழுதாது பக்கத்தை மூடினோம், அடுத்த ஐந்து நிமிடமும் அங்கேயே இருந்தோம்.